பதினோராம் பக்கத்தின் கடைசி வரி

டெங்கு வைரஸின் சவ்வுப் புரதத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாழ்ப்பாணத்தில் எவருமில்லை என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டு திரிந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர் வேலை, நல்லூரில் ஒரு வாடகை அறை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஆய்விதழ்க் கட்டுரைகள் இரண்டைப் பிரதியெடுத்துக் கொண்டுவந்து தந்திருந்தார். போர்க்காலத் தடைகளைத் தாண்டி வேறெவர் கைக்கும் அவை வந்திருக்க வழியில்லை. அந்தத் தலைக்கனத்தில், ஒரு கருத்தரங்குக்காகப் பதினொரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதி முடித்தேன்.

அதைப் படியெடுப்பதற்கான ஸ்டென்சில் மெழுகுத்தாளில் தட்டச்சு செய்ய ஒப்புக்கொண்டவர் அடுத்த வீட்டு அக்கா. கந்தோரொன்றில் தட்டெழுத்தாளராக இருந்தவர். திருத்தும் மை கடைகளில் இல்லாத காலமாகையால், எழுத்துப் பிழைத்தால் சிவப்பு நகப்பூச்சைத் தடவி, காயும்வரை ஊதிவிட்டு மேலே அடிப்பார். வரி விடுபடுவது மட்டும் அவரிடம் நடக்கவே நடக்காது. பதினெட்டு வருடத்தில் ஒரு வரிகூட விட்டதில்லை என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வரும்.

அடித்துக்கொண்டே கேள்வி கேட்பார்.

"தம்பி, உந்தச் சவ்வுப் புரதம் என்னதான் செய்யுது?"

நான் விளக்கினேன். வைரஸின் மேலுறைப் புரதம்தான் நம் உயிரணுவோடு ஒட்டி உள்ளே நுழைய வழி செய்வது. புதிய வைரஸ் உருவாகி வெளியே வரும் பாதையில் அமிலம் அதிகம். அங்கேயே மேலுறைப் புரதம் விழித்துக்கொண்டால் வைரஸ் வீணாகிவிடும். அதனால் சவ்வுப் புரதம் முதலில் ஒரு மூடியோடு பிறந்து, மேலுறைப் புரதம் சரியாக மடிய உதவி, அதைப் பொத்திக்கொண்டே வருகிறது. வெளியேறும் நேரத்தில் மூடி வெட்டுப்பட்டுக் கழன்றுவிடும். அதன்பிறகுதான் வைரஸுக்குத் தொற்றும் வல்லமை.

"ஓம், விளங்குது. தீட்டின கத்தியைப் பேப்பரிலை சுத்திப் பையுக்கை வைச்சுக் கொண்டுபோற மாதிரி."

அந்த உவமையை அப்படியே எடுத்துக் குறிப்பில் என்னுடையதாகச் சேர்த்துக்கொண்டேன். அவரே அதையும் அடித்துத் தந்தார்.

ஒன்பதாம் பக்கத்தில் அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. கண்ணுக்குப் பின்னால் நோகிறது, எலும்பெல்லாம் முறிகிறது என்றார். அப்படியும் மேசையை விட்டு எழும்பாமல் பதினொரு பக்கத்தையும் முடித்தார். ஸ்டென்சில்களை என்னிடம் தரும்போதுதான் கேட்டார்.

"பரசிற்றமோல் ஏதும் வைச்சிருக்கிறியளோ தம்பி? ஒரு கடையிலையும் இல்லையாம்."

என் பெட்டியில் பரசிற்றமோல் ஒரு அட்டை முழுதாக இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று பொத்தி வைத்திருந்தேன்.

"அது இல்லையக்கா. அஸ்பிரின்தான் இருக்கு. இதைக் குடியுங்கோ, விட்டிடும்."

தெரியாமல் கொடுத்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் தெரியும். டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின் கொடுத்தால் இரத்தம் கசியும் என்று எங்கோ வாசித்தது நினைவில் இருந்தது. ஊரெல்லாம் மலேரியா, இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் முதற்பக்கத்தில் என் எழுத்திலேயே இருந்தன.

மூன்றாம் நாள் காலை அவருடைய பல்முரசால், ஈறெல்லாம், இரத்தம் வந்தது. கணவர் சைக்கிளில் பின்னால் ஏற்றி, ஒரு கையால் அவரைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின்னேரம் நானும் போனேன். வாசல்வரைதான். அக்கா செத்துப்போனால் கொன்றவன் நான் என்ற எண்ணம் காலைக் கட்டிவிட்டது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாளும் அப்படித்தான். தலையைக் காட்டக்கூட முதுகெலும்பில்லாத எனக்குக் கருத்தரங்கு ஒரு கேடு.

பிழைத்துவிட்டார். பத்து நாளுக்குப் பிறகு, தோல் வெளிறி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து என் அறை வாசலுக்கு வந்தார். எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, என்ன ஏச்சு ஏசினாலும் வாங்கிக்கொள்வதுதான் என்று எழுந்து நின்றேன்.

"தம்பி, இது டெங்குதானாம். இதுக்கு அஸ்பிரின் குடிக்கவே கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். உவ்வளவு படிச்ச நீங்கள் அதை எழுதாமல் விட்டிருக்க மாட்டியள். அதை அடிச்சிருந்தால் என்ரை கண்ணிலை பட்டிருக்கும், நான் குடிச்சிருக்க மாட்டன். காய்ச்சலிலை நான்தான் ஒரு வரியை விட்டிட்டனோ?"

பதினொரு பக்கத்திலும் அப்படியொரு வரி இல்லை. மூடி எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது.

"ஓம் அக்கா," என்றேன். "ஒரு வரி விடுபட்டுத்தான் போச்சு."

அவர் முகம் சுருங்கிப்போனது. கடைசி ஸ்டென்சிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கீழே மிஞ்சியிருந்த இடத்தில் அந்த வரியை அடித்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. பதினெட்டு வருசத்திலை இதுதான் முதல் தரம்."

"பரவாயில்லை அக்கா," என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.