நல்ல நேரத்தில் எழாத சர்வர்

தீப்பெட்டிக் கம்பெனி அண்ணாச்சிக்குப் புதுச் சர்வரைவிட அதற்குள் இருந்த சின்னக் கம்ப்யூட்டர்தான் பிடித்திருந்தது. சர்வர் அணைந்து கிடந்தாலும் அது விழித்திருக்கும். அது இருக்கும் அறைக்குப் போகாமல், மேஜை முன்னால் இருந்தபடியே அதன் வழியாகச் சர்வரை எழுப்பலாம். "கோவில்பட்டியில வேற யாருகிட்டயும் கிடையாது" என்று சொல்லியே மற்ற முதலாளிமாரைத் திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தார்.

அதை அமைத்தவன் நான். பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்துவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். வருகிற முதலாளிமாரும் வேலை தருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். சின்னக் கம்ப்யூட்டரை எண்ணால் கூப்பிட வேண்டாம் என்று ஒரு பெயர் வைத்தேன். அந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் சேவை சர்வரிலேயே ஓடியது. பாஸ்வேர்டைப் பார்த்து யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் டைரக்டரியும் சர்வரில்தான். சின்னக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்த பொதுக் கணக்கைப் பாதுகாப்புக்காக மூடிவிட்டேன். பலமுறை சோதித்தேன். ஒவ்வொரு முறையும் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது.

விழாவன்று காலை அண்ணாச்சி அதை அணைக்கச் சொன்னார். நல்ல நேரத்தில் புதிதாக எழ வேண்டுமாம். அணைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பெயரை நான் தட்டிவைக்க, அண்ணாச்சியின் மனைவி என்டரை அமுக்கினார். பக்கம் வரவில்லை. எண்ணைப் போட்டேன். பக்கம் வந்தது, பாஸ்வேர்டை ஏற்கவில்லை. மறுபடியும் போட்டேன். அப்போதுதான் புரிந்தது. தூங்குகிறவனை எழுப்பலாமா என்று அவனிடமே கேட்க வைத்திருக்கிறேன்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்திருக்கோம், பொண்ணு வெளிய வர மாட்டேங்கு?" என்றார் பசுவந்தனையிலிருந்து கரிசல் மண் ஒட்டிய செருப்போடு வந்திருந்தவர்.

"அலங்காரம் முடியலையோ என்னவோ" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளறைக்குப் போய்ச் சர்வரின் பொத்தானைக் கையால் அமுக்கினேன். விசிறி இரைச்சல் முன்னறைவரை கேட்டது. அது முழுதாக எழுவதற்குள் ராகு காலம் தொடங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி பேசிக்கொண்டிருந்தார். "நாந்தான் தம்பிகிட்ட இறுக்கிப் பூட்டச் சொன்னேன். எனக்கே தெறக்கலன்னா வேற எவன் தெறப்பான்?" குரலில் ஆட்டமில்லை. சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. என்னை அவர் பார்க்கவில்லை.

"தம்பி, நம்ம கம்பெனிக்கும் இதே பூட்டைப் போட்டுத் தாங்க" என்றார் பசுவந்தனைக்காரர். தலையாட்டினேன்.

அண்ணாச்சியின் மனைவி இன்னும் கீபோர்டு முன்னால்தான் இருந்தார். வலது கையை மடியில் ஒளித்தாற்போல் வைத்திருந்தார். "எங் கை ராசியில்ல போல" என்றார் மெதுவாக, யாரிடமும் இல்லாமல். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. உங்கள் கையில் ஒன்றுமில்லை, என் பிழை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணாச்சி பேச்சு பொய்யாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கேசரித் தட்டுகள் வந்தன. அந்த அம்மா ஒன்றைக்கூடத் தன் கையால் யாருக்கும் கொடுக்கவில்லை. மகளை விட்டுக் கொடுக்கச் சொன்னார். எனக்கும் மகள்தான் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன்.