இடது பக்கத்துப் பெட்டி

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவரை எல்லாரும் 'ஏழாம் மாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரமென்றால் வெறும் 'ஏழு'. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, "இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்று கட்டட மேலாளரிடம் மார்தட்டினார். கையோடு அதே லிஃப்டில் இறங்கியவர், ஏழாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டார். அவர் எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் அந்தக் கதை அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

முப்பது வருஷமாக இருட்டுக் குழிக்குள், கம்பியில் தொங்குகிற பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்தவருக்குப் பயம் அவ்வளவாகப் பழக்கமில்லை. ஐம்பத்து நாலு வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவரே ஆசைப்பட்டு வாங்கிய ஸ்பீக்கரோடு அது வீட்டுக்குள் வந்தது.

ஸ்பீக்கர் ஆசை கல்யாணத்துக்கு முந்தையது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு அவள் அறை காலியாகக் கிடந்தது. அதைப் பாட்டுக் கேட்கிற அறையாக்கிவிடலாம் என்று கிளம்பியவர், மூன்று கடை ஏறி இறங்கினார். ஒவ்வொரு பெட்டியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், பின்னால் குனிந்து பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கூடப் போன மனைவிக்குக் கால் கடுத்துவிட்டது.

"என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொல்லும்போதுகூட நீங்க இவ்வளவு யோசிக்கலையே" என்றாள்.

"அப்போ அனுபவம் பத்தலை" என்றார் அவர்.

கடையில் கேட்டபோது, பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நிற்பது போலவே இருந்தது. அங்கேயே விழுந்துவிட்டார். பதிவு செய்து மூன்று வாரம் கழித்துப் பெட்டிகள் வந்து சேர்ந்தன.

சனிக்கிழமை சாப்பிட்டதும் வேலையைத் தொடங்கினார். இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, உட்காருகிற நாற்காலிக்கும் அவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று கூடவந்த புத்தகத்தில் போட்டிருந்தது. டேப்பின் ஒரு முனையை மனைவி பிடித்துக்கொள்ள, விரல்கடை பிசகாமல் அளந்து வைத்தார். ஒயர் முனைகளைச் சீவி, முறுக்கி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மாட்டினார். நாற்காலியில் சாய்ந்து பாட்டைப் போட்டார்.

பாடுகிறவர் நடுவில் நிற்கவில்லை. வலது பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இடது பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு மட்டும், போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"லெஃப்ட் பெட்டி செத்துப்போய் வந்திருக்கு" என்றார்.

மனைவி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"உனக்கென்ன தெரியும், தள்ளு" என்றார்.

புத்தகத்தின் பின்னட்டையில், தயாரிப்பாளரே நேரடியாக உதவுவார் என்று போட்டு ஒரு எண் இருந்தது. அடித்தார். பாட்டு, விளம்பரம், மறுபடியும் பாட்டு. பிறகு ஒரு பெண் குரல். நிதானமான குரல். மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம் என்று தோன்றியது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"சார், ஆம்ப்ளிஃபையர்ல பேலன்ஸ் பட்டன் நடுவுல இருக்கா பாருங்க."

"நடுவுலதான்மா இருக்கு. அதெல்லாம் பாத்துட்டேன். நானும் மெக்கானிக்தான்."

"அப்போ வேலை சுலபம் சார். ரெண்டு ஒயரையும் ஆம்ப்ளிஃபையர் பக்கம் மாத்தி மாட்டுங்க. கோளாறு பக்கம் மாறுதான்னு பாப்போம்."

அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. கோளாறு எதோடு நகர்கிறதோ அதில்தான் இருக்கிறது என்பது அவரே ஆயிரம் தடவை சொன்ன பாடம். ஒயரை மாற்றினார். அப்போதும் இடது பக்கம்தான் மந்தம். பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினார். செத்துப்போனது என்று திட்டின பெட்டி வலது பக்கம் போய்க் கணீரென்று பாடியது. கணீரென்று பாடினது இடது பக்கம் வந்து ஊமையானது.

"ஜன்னல் திரை, அலமாரி ஏதாவது லெஃப்ட் பக்கம் இருக்கா சார்?"

"ரெண்டு பக்கமும் வெறும் சுவர்தான்மா."

 "ஒண்ணே ஒண்ணு செய்யுங்க சார். எதையும் தொட வேண்டாம். நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்காருங்க. இப்ப எந்தப் பெட்டி மந்தமா இருக்கு?"

திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை நேரம் கணீரென்று பாடிக்கொண்டிருந்த பெட்டி இப்போது அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அது ஊமையாகிவிட்டது.

பெட்டி நகரவில்லை. ஒயர் நகரவில்லை. அவர்தான் நகர்ந்திருந்தார்.

 வியாழக்கிழமை காலையில் எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்தது ஞாபகம் வந்தது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து உள்ளே ஒரு சின்ன ரீங்காரம். குளிர்சாதனப் பெட்டியின் சத்தமென்று நினைத்திருந்தார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"எந்தப் பெட்டி சார்?"

"அதே பெட்டிதான்" என்றார்.  "முன்னாடி எது மந்தமா இருந்துச்சோ அதேதான்."

வாழ்க்கையில் ஒரு மெக்கானிக்கிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.  அந்தப் பெண், "சரி சார், மாற்றுப் பெட்டிக்குப் பதிவு பண்ணிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

வைத்த மறுநிமிஷம் போன் மறுபடி அடித்தது. அவர்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கிற பதிவுசெய்த குரல். வலது காதில் வைத்துக் கேட்டவர், மெல்ல இடது காதுக்கு மாற்றினார். குரல் போய்விட்டது. தகர டப்பாவுக்குள் பூச்சி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு கரகரப்பு மட்டும். வலது பக்கம் கொண்டுவந்தால் ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று தெளிவாகப் பேசுகிறது. இடது பக்கம் பூச்சி. இப்படி நாலு தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கன்னம் பட்டு ஏதோ எண் அழுந்திவிட்டது. "நன்றி" என்று சொல்லிவிட்டு அதுவும் போய்விட்டது.

"என்னங்க சொன்னாங்க?" மனைவி கதவருகில் நின்றாள்.

"வேற பெட்டி அனுப்பறாங்களாம்."

அவ்வளவுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பேசினால் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். சமையலறையிலிருந்து கூப்பிட்டபோது வாசல் பக்கம் போனார். "கனவு காணறீங்களா?" என்று அவள் சிரித்தாள்.  மூளையில் ஏதோ வந்துவிட்டது என்று ஒரு நினைப்பு. அதைவிட, இது கம்பெனிக்குத் தெரிந்தால் குழிக்குள் விடமாட்டார்கள் என்கிற நினைப்பு. எது பெரிய பயம் என்று அவருக்கே பிடிபடவில்லை. இரண்டும் மாறி மாறி வந்தன. யாரிடமும் சொல்லாவிட்டால் உண்மையாகாது என்பது போல வாயை மூடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஒரு அலுவலகக் கட்டடம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட், இரண்டுக்கும் சேர்த்து ஒரே குழி. ஒன்றை நிறுத்திவிட்டு அதன் கூரைமேல் அவரும் அவருடைய கூட்டாளியும் நின்றார்கள். கூட்டாளியை எல்லாரும் 'தாடி' என்பார்கள். இருபது வருஷப் பழக்கம். பக்கத்து லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிர்எடை, அதாவது லிஃப்ட் ஏறும்போது இறங்குகிற இரும்புப் பாளக் கட்டு, இடது பக்கத் தண்டவாளத்தில் போய்வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலையை நீட்டக் கூடாது. நீட்டியே ஆக வேண்டுமென்றால் அதையும் நிறுத்த வேண்டும். அதுதான் சட்டம். ஆனால் ஒரு போல்ட்டை எட்டிப் பார்க்க இரண்டு நொடி போதும் என்று, காதை மட்டும் நம்பி முப்பது வருஷம் நீட்டிய தலை அது.

எதிர்எடை வருகிற சத்தம் கேட்டது. வலது பக்கம், எங்கோ தூரத்தில். அங்கே வெறும் சுவர்தான். அது அவருக்கு உறைக்கவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் குனிந்தார்.

"ஏழு!" என்று தாடி கத்தினான். அதுவும் வலது பக்கமிருந்தே கேட்டது. அந்தப் பக்கம் திரும்பினார். தாடி நின்றது இடது பக்கம்.

இடுப்புப் பட்டையைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். முகத்தில் காற்று அறைந்தது. கையிலிருந்த டார்ச்சை எதுவோ பிடுங்கிக்கொண்டு போனது. கீழே, வெகுநேரம் கழித்து, அது உடைகிற சத்தம் வந்தது.

"உனக்கென்ன காது செவிடா?" தாடியின் உதடு வெளுத்திருந்தது. "அவ்வளவு கத்தறேன்!"

அவர் கூரைமேல் உட்கார்ந்துவிட்டார்.   "ஆமாம்டா" என்றார். 

தாடி அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து வெளியே கொண்டுவந்தான். படிக்கட்டில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிவரப் போனான். அப்போதுதான் போன் அடித்தது. அதே நிதானமான குரல்.

"சார், மாற்றுப் பெட்டி நாளைக்கு வருது. முகவரி சரிபார்க்கக் கூப்பிட்டேன்." முகவரியைப் படித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், தப்பா நினைக்காதீங்க. அன்னைக்குத் திரும்பி உட்காரச் சொன்னப்ப பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டீங்க. பெட்டியில கோளாறு இருக்கறவங்க டக்குன்னு சொல்லிடுவாங்க."

அவர் போனை வலது காதோடு அழுத்திக்கொண்டார்.

"எத்தனை நாளா சார்?"

"வியாழக்கிழமையிலேர்ந்து."

"திடீர்னா?"

"தூங்கி எழுந்தப்ப."

"இன்னைக்கே காது டாக்டர்கிட்ட போங்க சார். நாளைக்கு இல்லை, இன்னைக்கு. எங்க கையேட்டுல இது கிடையாது. நான் டாக்டரும் இல்லை. ஆனா இதே மாதிரி ஒருத்தர் எங்கிட்ட பேசினார். ஒரு மாசம் பெட்டி பெட்டியா மாத்திக்கிட்டே இருந்தார். டாக்டர்கிட்ட போனப்ப, முதல்லயே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்னு சொல்லிட்டாங்களாம். போவீங்கதானே?"

"பயமா இருக்கும்மா" என்றார். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அப்படிச் சொல்வோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

"இருக்கும் சார். வீட்டுல யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க."

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அவர் போனில் சொன்னதும் கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். "நாலு நாள்! எங்கிட்ட சொல்லாம நாலு நாள்!" ஆனால் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து திட்டியதால் பாதிதான் கேட்டது. அதைச் சொன்னார். அவள் அழுதபடியே இடம் மாறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். வலது காதுக்கு விறுவிறுவென்று அழுத்தினார். இடது காதுக்கு வந்ததும் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அப்பால் சோதிக்கிற பெண்ணின் கை இயந்திரத்தில் மேலும் கீழும் போய்வருவது தெரிந்தது. அவள் ஏதோ சத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள், தனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை என்பது புரிந்தது. பட்டன்மேல் வைத்த கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. எப்போதாவது ஒன்று வராதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. காது நரம்பு திடீரென்று அடிவாங்கியிருக்கிறது, ஏன் என்று பெரும்பாலும் தெரியாது, சீக்கிரம் வந்தது நல்லது. மாத்திரை எழுதினார். தலையை ஸ்கேன் எடுக்கவும் சொன்னார்.

"கட்டியா டாக்டர்?"

"பெரும்பாலும் இருக்காது. இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் எடுக்கிறோம்."

நூறடிக் குழியில் விசிலடித்துக்கொண்டு வேலை பார்த்தவர், ஸ்கேன் குழாய்க்குள் படுத்ததும் கண்ணைத் திறக்கவில்லை. முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவரும் மனைவியும் வேறு எதையெதையோ பேசினார்கள். தண்ணீர்க் குழாய், மகளின் விடுமுறை, எதிர்வீட்டுக்காரரின் புதுக் கதவு. சாப்பாடு இரண்டு பேருக்குமே இறங்கவில்லை. கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குத்தான் தலை சுற்றி, நர்ஸ் பிடித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது வாரத்தில் பாதிச் சத்தம் திரும்பியது. அதற்கு மேல் கொஞ்சம்தான் வந்தது. பேச்சு கேட்கிறது. மெல்லிய கீச்சொலிகள் கேட்பதில்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் இன்னும் தடுமாற்றம். அவரே போய் மேலாளரிடம் சொன்னார். தாடிக்குக் கூட்டாளியாக வேறு ஆள் போட்டார்கள். இவருக்கு மொட்டை மாடி மோட்டார் அறையிலும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் வேலை. குழிக் கதவைத் தாடி திறக்கும் நேரத்தில் இவர் வேறு எங்காவது பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த மாற்றுப் பெட்டியை அதே வண்டியிலேயே திருப்பி அனுப்பியிருந்தார். நன்றி சொல்லலாம் என்று அந்த எண்ணை அடித்தால் வேறு யாரோ ஒரு பையன் எடுத்தான். நடந்ததையெல்லாம் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க பேர் தெரியுமா சார்?" என்றான். கேட்டுக்கொள்ளவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. "சரி சார், புகார் என்னன்னு பதியட்டும்?" என்றான். புகாரே இல்லை என்று அவனுக்குப் புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது.

இப்போதும் காலையில் விழித்ததும் கண்ணைத் திறக்கமாட்டார். முதலில் இடது காதருகில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்ப்பார். பிறகு வலது பக்கம். அந்தச் சரசரப்பு கேட்டால்தான் எழுந்திருப்பார். சில நாள் கொஞ்சம் குறைச்சலாகத் தோன்றும். அன்றைக்குப் பல் தேய்க்கும்போது இன்னொரு தடவை, செருப்பு மாட்டும்போது இன்னொரு தடவை தேய்த்துப் பார்ப்பார். மனைவி பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிடுவாள்.