இருட்டில் கேட்ட செய்தி

செல்போன் கடையில் ஈயம் பற்றவைக்கும் குங்கிலியப் புகை இன்று மூக்கில் ஏறியதும், இப்போது வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் திண்டுக்கல் வீட்டின் முன்னறையில் நினைவால் போய் நின்றேன்.

அண்ணன் பட்டாளத்தில், சண்டை நடந்துகொண்டிருந்த எல்லையில் இருந்த மாதங்கள் அவை. அப்பா செய்திருந்த கிரிஸ்டல் ரேடியோ ஒருவர் காதுக்குத்தான் கேட்கும். சாயங்காலச் செய்திக்கு அம்மா அதன் இயர்போனைக் காதில் வைத்துக்கொள்ள, அப்பாவும் தங்கையும் நானும் தட்டில் கைவைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அவள் புருவம் லேசாக அசைந்தாலும் நான் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பேன்.

எல்லாருக்கும் கேட்கட்டுமென்று அப்பா ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் கட்டி, பழைய ஸ்பீக்கரை இணைத்தார். ஈயம் பற்றவைக்கையில் சூடு ஏறினால் அந்தக் குட்டி டிரான்சிஸ்டர் செத்துவிடுமென்று பயந்து, சூட்டை இழுத்துக்கொள்ளக் குறட்டால் இறுக்கிப் பிடித்ததில், அதன் கண்ணாடி உடம்பில் பூசியிருந்த கறுப்பு உரிந்துவிட்டது. பல்பைப் போட்டால் வெளிச்சம் அதற்குள் புகுந்து, செய்தியை அமுக்கிவிட்டு உர்ரென்று இரைந்தது. அணைத்தால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அதனால் எந்த ஊர்ப் பெயர் வருமோ, எத்தனை பேர் என்பார்களோ என்று நாங்கள் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"கறுப்புத் துணியச் சுத்துனா சரியாப் போகும். நாளைக்குச் சுத்திடுறேன்" என்றார் அப்பா.

"வேணாங்க." அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "நியூஸ் கேக்குற செத்த நேரம் வெளக்கு அணைஞ்சே இருக்கட்டும். புள்ளைக என் மூஞ்சியவே பாக்குதுக."