எனக்குச் சொல்லாத சாவு

என் மச்சான் செத்துப்போனதை என் வீட்டில் எனக்குச் சொல்லவில்லை. மச்சான் என்றால் கூடப்பிறந்த ஒரே தங்கச்சியின் புருஷன். கடலூரில் பிணத்துக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த நேரத்தில், நான் சிதம்பரத்தில் மகள் வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை. டென்ஷன். எனக்கு டென்ஷன் கூடாதாம். இதை எழுதும்போதுகூடப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவன். படகு முகத்துவாரம் தாண்டி உள்ளே வருவது தெரிந்ததுமே எனக்கு நெஞ்சு திக்குத்திக்கென்று அடிக்க ஆரம்பித்துவிடும். உள்ளங்கை வேர்க்கும், காது சுடும், நின்ற இடத்தில் நிற்க முடியாது. கூடையை இறக்கி வைத்து முதல் விலையைக் கூவிவிட்டால் போதும். எந்த வியாபாரி விரலைத் தூக்கினான், எவன் கண்ணைக் காட்டினான், எவன் தூக்குகிற மாதிரி தூக்கிவிட்டுப் பின்வாங்கப் பார்க்கிறான், எல்லாம் எனக்குத் தெரியும். மச்சானின் படகும் அங்கேதான் வரும். மீனை இறக்கியதும் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். "மச்சானுக்குச் சூடு ஏறிடிச்சிடா, இன்னிக்கி வெல ஏறும் பாரு" என்று தன் ஆட்களிடம் சொல்வார். என் நெஞ்சு அடிப்பதற்கு அவர் வைத்த பேர் அது. எனக்கும் அதில் ஒரு பெருமைதான். நெஞ்சு அடிக்காத காலையில்தான் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று சந்தேகம் வரும்.

போன கோடையில் ஏலத்தின் நடுவே மயங்கி விழுந்தேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை, மண்டையைப் பிளக்கிற வெயில், விழாமல் என்ன செய்யும்? ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை, பிபி கொஞ்சம் ஜாஸ்தி, ஒரு மாத்திரை போடுங்கள், கருவாடு ஊறுகாயைக் குறையுங்கள், நடங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றார் டாக்டர். எழுந்து வரும்போது, கொஞ்சம் டென்ஷனையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். கருவாடு யார் காதிலும் விழவில்லை. தண்ணீர் விழவில்லை. இந்த ஒரு வார்த்தையை மட்டும் என் குடும்பமே முடிந்து வைத்துக்கொண்டது.

டென்ஷன் ஆனால் நெஞ்சு வெடித்துவிடும் என்று என் மனைவி நம்பினாள். அவள் நம்பியதில் தப்பில்லை, நானும் நம்பித் தொலைத்தேன். மறுபடி துறைமுகத்துக்குப் போனபோது படகு உள்ளே வந்தது, நெஞ்சு வழக்கம்போல் அடித்தது. என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. இது சூடா, அட்டாக்கா? அந்த யோசனையில் இரண்டு பேர் விரல் தூக்கியதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். குரல் கம்மியது. வஞ்சிரத்தை நெத்திலி விலைக்குத் தள்ளிவிட்டேன். வியாபாரிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கே என்னை பஸ் ஏற்றி, ரெஸ்ட் எடுக்கட்டும் என்று சிதம்பரத்தில் மகள் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

அது வீடா, ஆஸ்பத்திரி வார்டா என்று தெரியவில்லை. நியூஸ் போடக் கூடாது. கிரிக்கெட் கூடாது. சீரியல்கூடக் கூடாது, அதில் மாமியார் கத்துகிறாளாம். பேத்தி கணக்கில் ஃபெயில் ஆனதை எனக்குத் தெரியாமல் சமையலறைக்குள் வைத்துத் திட்டினார்கள். குக்கர் விசில் அடித்தால் மகள் ஓடிவந்து என் முகத்தைப் பார்ப்பாள். மாப்பிள்ளை நல்ல மனுஷன், மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தார். நான் இழுத்து விடும்போது எதிரே உட்கார்ந்து கவலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்தால் எவனுக்கு மூச்சு வரும்? எந்த நேரமும் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. தூக்கம் போனது. மாடிப்படி ஏற பயந்தேன். படகுக் கயிறு பிடித்து வளர்ந்த உடம்பு, அவர்கள் பார்த்த பார்வையிலேயே நோயாளி ஆகிவிட்டது.

மச்சான் அப்போது கிட்னி கெட்டுப் படுத்திருந்தார். தினமும் கேட்பேன். நல்லாத்தான் இருக்காரு, எழுந்து உட்கார்ந்து சாப்பிடுறாரு என்பார்கள். பேச வேண்டும் என்றால், என் போன் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்பார்கள். ஒரு நாள் விடிந்ததும் என் மனைவி, ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும் என்று கடலூருக்குக் கிளம்பினாள். மாப்பிள்ளையும் ஏதோ வேலை என்று கூடப் போனார். சாயங்காலம் தலை முழுகி, ஈரக் கூந்தலோடு வந்தாள். என்ன இது என்றேன். ஒரே புழுக்கம், அங்கேயே குளித்துவிட்டேன் என்றாள். நானும் கேட்டுக்கொண்டு கஞ்சியைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மீன் மார்க்கெட் பக்கம் போனேன். மீன் வாசம் இல்லாமல் எத்தனை நாள்தான் இருப்பது. துறைமுகத்தில் என் ஏலத்தில் கூடை எடுக்கிற ஒரு அம்மா அங்கே கடை போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது.

"கருமாதி என்னிக்கிண்ணே வச்சிருக்கீங்க? எடுக்கறப்பகூட ஒன்னக் காணமேன்னு ஊரே பேசுச்சி. ஒம் புள்ளதான் வந்து கோடி போட்டான்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கோடி என்றதுமே விளங்கிவிட்டது. புருஷன் செத்தால், பொறந்த வீட்டுப் புடவையைக் கொண்டுபோய் அவள் மேல் போட வேண்டியவன் அண்ணன். எனக்கு இன்னும் தோளில் தெம்பு இருக்கிறது, அப்படி இருக்கும்போது என் மகன் போட்டிருக்கிறான்.

மகள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. நேராகக் கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு முதுநகர் என்று சொல்லிக் காசை நீட்டினேன். நெஞ்சு அடித்த அடியில் சட்டை ஆடியது. புதுச்சத்திரம் வருவதற்குள் செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். புதுச்சத்திரம் வந்தது. ஆலப்பாக்கமும் போனது. சாகவில்லை. அதற்குமேல் பயப்பட எனக்கு நேரமில்லை, யார் யாரை என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பொண்டாட்டியை, மகளை, மாப்பிள்ளையை, மகனை, ஒருத்தரையும் விடுவதாக இல்லை. அண்ணன் வருவான் வருவான் என்று அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாளே.

முதுநகரில் இறங்கி ஆட்டோ பிடித்து ஊருக்குப் போனேன். தங்கச்சி வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே மச்சானின் போட்டோவுக்கு விளக்கு எரிந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து முதலில் ஃபேனைத்தான் போட்டாள்.

எனக்குத் தெரியாதும்மா, சத்தியமாக ஒருத்தரும் சொல்லவில்லை, இவர்களை நான் சும்மா விடமாட்டேன் என்று கத்தினேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவுங்க மேல கோவப்படாதண்ணே. சொல்ல வேணாம்னு சொன்னதே நாந்தான்."

நீயா என்று கேட்டுக் கையை உருவிக்கொண்டேன்.

"அவுரு பூட்டாரு. இந்தச் சேதி கேட்டு நீயும் பூட்டா, நான் யாருகிட்டண்ணே போவேன்? நான் கொஞ்சம் சத்தம் போட்டு அழுதாக்கூட ஒனக்கு யாருனா போன் பண்ணிச் சொல்லிடுவாங்களோன்னு, அழக்கூட இல்ல."

பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்த அத்தனை வசவும் அப்படியே நின்றுபோனது. இவளை நான் என்னவென்று திட்டுவது? எனக்கு டென்ஷன் வரக்கூடாது என்று புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை?

அவள் கையை இழுத்து என் நெஞ்சில் அழுத்தி வைத்தேன்.

"எப்டி அடிக்குது பாரு. மீன் மார்க்கெட்லேர்ந்து இப்டித்தான் அடிக்குது. எதுனா ஆச்சா எனக்கு? இருக்கன்ல?"

அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் துடிப்பையே கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு போட்டோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவுரு இருந்திருந்தா, மச்சானுக்குச் சூடு ஏறிடிச்சின்னு சொல்லியிருப்பாரு" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். நானும் அழுதேன்.