மருமகள் போனில் ஏறிய என் அடிகள்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் நம்பர் நன்றாகத் தெரியும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எங்கே போகும் என்று ஒருவரையும் கேட்டு நான் ஏறியதில்லை. அந்தத் திமிரோடுதான் இந்த வேலையையும் செய்தேன்.

மருமகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. விடியுமுன் கிளம்பிவிடுவான், அதனால் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது நான்தான். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, எடையும் கூடிவிட்டது என்றார் நர்சம்மா. காலையும் மாலையும் அரை மணி நேரம் நடந்தால் நெஞ்சுக்கும் நல்லது, வயிற்றுப் பிள்ளைக்கும் நல்லது என்று சொல்லி, அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். எத்தனை அடி நடக்கிறோம் என்று அது எண்ணும். சொன்ன அளவு முடிந்துவிட்டால் ஒரு பச்சை வட்டம் வரும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "அருமை! இன்று உங்கள் இதயத்துக்கு நல்லது செய்தீர்கள்" என்று சொல்லும்.

நான்கு நாள் அவள் ஏரிக்கரையில் நடந்தாள். ஐந்தாம் நாள், நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் புல்லுக்கட்டோடு பின்னால் வருவதை அவர்கள் பார்க்கவில்லை.

"இன்னா பொண்ணே, மாமியா தொரத்தி வுட்டுட்டாளா? இப்டி மூச்சு வாங்கிக்கினு போறே?"

"இல்லக்கா, போன்ல அடி எண்ணுறாங்க" என்றாள் இவள்.

"எந்த அடிடி? நீ வெக்கிற அடியா, மாமியா வெக்கிற அடியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். எனக்குத்தான் தலையிலிருந்த கட்டு கனத்துப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும், "நாளைலேர்ந்து நீ கரைக்குப் போவாதே" என்றேன்.

"நர்சம்மா நம்பர் பாப்பாங்க அத்தே."

"நம்பர்தானே வோணும்? அத்த நான் ஏத்துறேன். நீ வூட்ல குந்து."

"அது என் நெஞ்சுக்குன்னு சொன்னாங்க அத்தே..."

"நான் நாத்து நட்டுக்கினே புள்ள பெத்தவ. எனக்கு எந்த போனு எண்ணிச்சி?"

போனை நீட்டினாள். வாங்கி, வெற்றிலை வைக்கும் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மாட்டின் பின்னால் நடந்தேன். கழனிக்கு நடந்தேன். ரேஷன் கடைக்கு வேண்டுமென்றே சுற்று வழியில் போனேன். ஒரே வாரத்தில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் அடி என்ற கணக்கைத் தொட்டுவிட்டேன். பை உள்ளிருந்து அந்தக் குரல் அருமை என்று சொல்லும்போது, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் என் மாமியாரோ வீட்டுக்காரரோ என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வட்டம் நிறையாத நாளில் மாட்டுக் கொட்டகையைச் சுற்றி இன்னும் பத்துச் சுற்று வந்தேன். அவள் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லும்போது இதுதான் எனக்கு ரொம்பக் கூசுகிறது.

ஏழாம் மாதம் போனபோது பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. நர்சம்மா போனைக் கேட்டார். பெஞ்சில் வரிசையாகப் பிள்ளைத்தாய்ச்சிகள். அவர்கள் முன்னால் சுருக்குப் பையை அவிழ்த்து, போனில் ஒட்டியிருந்த பாக்குத் தூளைத் தட்டிக் கொடுத்தேன்.

"தெனம் அஞ்சாயிரம் அடி நடந்திருக்கே. அப்படியும் ஏன் ஏறுது?" என்று நர்சம்மா நெற்றியைச் சுருக்கினார். "நீதானேம்மா நடக்கறே?"

"ஆமாங்க மேடம்."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எனக்காகச் சொன்ன பொய் அது.

நர்சம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கடிதம் எழுதினார். நன்றாக நடந்தும் குறையவில்லை, நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும், மருந்து தேவைப்படலாம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அந்த வரியை நம்பித்தான் மருந்து எழுதுவார். கடிதத்தை வாங்கி அதே பையில் வைத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்துவிட்டேன்.

முன்னால் அவள் போய்க்கொண்டிருந்தாள். தன் செருப்பு நுழையாமல் என் மகனுடைய செருப்பைப் போட்டு வந்திருந்தாள். அந்தப் பெரிய செருப்பிலேயே வார் காலில் பதிந்திருந்தது. அதற்கு மேல் என்னால் ஓர் அடி வைக்க முடியவில்லை. திரும்பிப் போனேன்.

"நர்சம்மா, அந்த அடி எல்லாம் என் அடிம்மா. அவ நடக்கல. நான்தான் நடக்க வுடல."

பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "அப்டின்னா பிரசவம் உனக்குத்தானா ஆயா?"

நர்சம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். கடிதத்தை வாங்கிக் கிழித்தார். "டெஸ்ட் எடுத்துத்தான் ஆகணும். டாக்டருக்கு உண்மைய எழுதறேன்" என்றார். பிறகு மருமகளின் நோட்டைத் திறந்து, சற்று முன் போனைப் பார்த்து வார வாரியாக எழுதியிருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்தார். அத்தனையும் நான் ஏற்றிய நம்பர்கள். அவர் அடித்து முடிக்கும்வரை நின்றேன். தலை குனிந்து எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்குக் குனிந்தேன்.

டெஸ்டில் நெஞ்சில் கோளாறு ஒன்றும் இல்லை என்று வந்தது. பிரஷருக்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்து, மெதுவாக நடக்கச் சொன்னார்கள்.

இப்போது மாலையில் அவள் கரையில் நடக்கிறாள். இரண்டடி தள்ளி நானும் போகிறேன். கரைப் பெண்கள் விடுவார்களா? "இன்னா ஆயா, இன்னிக்கி எவ்ளோ அடி?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். "வாங்க வேண்டியத வாங்கிட்டேன், போங்கடி" என்பேன்.

நேற்று அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றாள்.

"போனைக் குட்றி. வூடு வரிக்கும் நான் எட்துக்கினு வரேன்" என்று கையை நீட்டினேன்.

"பரவால்ல அத்தே" என்று சொல்லி, போனை எனக்கு எட்டாத பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.