பெரிலின் உள்ளங்கை

பெரில் ஹேக்கெட் பதினாறு வருஷம் மழையில் வேலை பார்த்தவள். பர்மிங்ஹாமில் எங்கள் கார்த் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டி முடித்த ஒவ்வொரு காரும் கடைசியாக ஒரு கூண்டுக்குள் போகும். நாலு பக்கமும் குழாய்கள் தண்ணீரைப் பீய்ச்சும். அவள் டார்ச்சுடன் காருக்குள் உட்கார்ந்து, கால் வைக்கும் விரிப்பை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் கார் அட்டையில் அவள் முத்திரை விழும். ஈரமென்றால் சிவப்புக் கோடு. அந்தப் பாகத்தைப் பூட்டியவனிடமே கார் திரும்பும். அட்டையில் அவன் நம்பரும் இருக்கும், தப்ப முடியாது.

நான் டெஸ்மண்ட். கதவுகளுக்கு ரப்பர் பட்டை பொருத்துகிறவன். எனக்குச் சிவப்புக் கோடு போடும்போதெல்லாம், "டெஸ், உன் கதவுக்குப் பின்னாடி மீன் வளர்க்கலாம்ப்பா" என்பாள்.

தொழிற்சாலை ஓடிய கடைசி வருஷம் அந்தக் கேலியும் நின்றது. காலையில் நுழையும்போதே எந்த உதிரிபாக லாரி வந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்போம். ஒரு நாள் இருக்கை வராது, ஒரு நாள் கண்ணாடி வராது. ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் நுழைந்த வாசல் அது. இப்போது பாதி ஷெட்டுகளில் புறாக்கள்தான். யாரையாவது அலுவலகத்துக்குக் கூப்பிட்டால், மற்றவர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கதவையே பார்ப்போம்.

ஏப்ரலில், தொழிற்சாலையை வாங்கலாமா என்று பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கை கொடுத்தால்தான் பிழைப்போம். அன்று காலை மேலாளர் எங்களை நிறுத்தி, "இன்னிக்கு எவன் நம்பர்ல சிவப்பு விழுதோ, அவன் அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். என் பெட்டியில் சரியான பட்டை தீர்ந்திருந்தது. வேறு மாடலுக்கான மெலிசுப் பட்டைதான் கிடந்தது. வேலையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கப் பயம். ஒரு பச்சைக் காரில் அதையே அழுத்திவிட்டேன்.

கார் கூண்டுக்குள் போனது. தண்ணீர் வழியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், உள்ளங்கையை டார்ச் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு முத்திரை குத்தினாள்.

வந்தவர்கள் ஓட்டிப் பார்க்க அந்தப் பச்சைக் காரையே கேட்டார்கள். வெளியே நல்ல மழை. திரும்பி வந்தவர்களில் பெரியவர் ஒரு ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் சொட்டியது.

"யாரு முத்திரை இது?" என்றார் மேலாளர்.

"என்னோடது. சரியா பார்க்கலை" என்றாள் பெரில். அதற்குப் பிறகு அட்டையில் என் நம்பரை யாரும் தேடவில்லை.

அதிலிருந்து மூன்றாம் வாரம் வாசலைப் பூட்டினார்கள். பேரம் ஏன் முறிந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. கம்பெனி தேய ஆரம்பித்து முப்பது வருஷமாகியிருந்தது. ஆனால் ஊருக்குப் பழிபோட ஓர் ஆள் வேண்டுமே. 'கம்பெனியை மூழ்கடிச்ச மகராசி' என்று பேர் வைத்தார்கள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கப் போனாள். பஸ்ஸில் ஏறினால்கூடக் குனிந்து தரையைத் தொட்டுப் பார்ப்பாள். அதைப் பார்த்து ஊர் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பழைய ஆட்கள் வருஷம் ஒருமுறை கிளப்பில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவோம். பதினெட்டு வருஷமாக வராத பெரில், போன ஏப்ரலில் வருகிறேன் என்றாள். நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மழை. கிளப் வாசலில் நிறுத்தியதும் குனிந்து விரிப்பை அழுத்தினாள்.

"காய்ஞ்சிருக்கு" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பெரில், அந்தப் பச்சைக் கார்... பட்டை மாத்திப் போட்டது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அட்டையில உன் நம்பர் இருந்துச்சே. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு சின்னக் குழந்தைங்க உனக்கு அப்போ. சிவப்பு போட கை வரலை."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"மன்னிச்சுக்க பெரில்."

"எங்கிட்ட எதுக்குடா? உள்ள உக்காந்திருக்காங்க பாரு அத்தனை பேரும், அவங்ககிட்ட வந்து சொல்லு."

கதவைத் திறந்து இறங்கி, எனக்காக மழையில் நின்றாள். உள்ளேயிருந்து யாரோ அவளுடைய பட்டப்பெயரைச் சொல்வதும் சிரிப்பதும் கேட்டன. என் கை கதவுப்பிடியில் இருந்தது. திறக்கத்தான் பயமாக இருந்தது.