நர்சம்மா சொன்ன ‘மதி’

ரெத்தினபாய் நர்சம்மா இறந்துபோன செய்தியை, மலையிலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். கருங்கலில் என் மருந்துக் கடைக்கு எதிரே வண்டி நின்றதும் இறங்கி வந்து, "கம்பவுண்டரே, எஸ்டேட் ஆசுபத்திரி நர்சம்மா மரிச்சுப்போனாவ. காய்ச்சலாம். ஒம்மகிட்ட சொல்லணும்னு அங்க உள்ள ஆயா சொல்லிவிட்டா" என்றார். கடையில் நின்றிருந்தவருக்கு இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு களியக்காவிளைக்குப் பஸ் ஏறினேன்.

அடக்கம் அங்கே, அவருடைய அண்ணன் ஊரில், சபையின் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. சபையாரான உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். குழித்துறையில் நானும் நர்சம்மாவும் சேர்ந்து வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியின் டாக்டரும் காரில் வந்தார். உபதேசியார் ஜெபம் முடித்ததும் டாக்டர் இரண்டு வார்த்தை பேசினார். "ஆசை இல்லாத ஆத்துமா. சம்பளத்தில் வருஷக் கூடுதல் கொடுத்தபோது ‘இது மதி’ என்று சொன்ன ஒரே ஆள் ரெத்தினபாய்தான். அந்தத் திருப்தியை நாம் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். உங்களில் சிலர் ஆமென் சொன்னீர்கள். அடக்கம் செய்யும் இடத்தில் சண்டை பிடிப்பது அழகில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆமெனைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வருஷம் பிறப்பது ஆவணி ஒன்றாம் தேதி. அன்று காலையில் டாக்டர் எங்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, சம்பளத்தில் இந்த வருஷக் கூடுதல் இவ்வளவு என்று சொல்லுவார். வாங்குகிறவர் "சந்தோஷம்" என்று சொல்ல வேண்டும். தொகை எதுவானாலும் வார்த்தை அதுதான். நான் அதை இடுப்பை வளைத்து நன்றாகவே சொல்லுவேன். பிறகு நாங்கள் எல்லோரும் கிணற்றடியில் கூடி டாக்டரின் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டுவோம். மத்தியானக் கஞ்சி வருவதற்குள் கோபம் ஆறிவிடும். பழம் ஊறுகாய்க்குப் போய்விடும். நர்சம்மா ஒரு வருஷமும் கிணற்றடிக்கு வந்ததில்லை.

அதனால் அவரை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவதும் பெண்ணாய்ப் போயிற்று என்று வார்டு வாசலில் நின்று மனைவியைச் சபித்துக்கொண்டிருந்தான் ஒருவன். நர்சம்மா குழந்தையைக் கொண்டுபோய் அவன் கையில் வைத்தார். "ஏலே, பிடி. அனங்கப்பிடாது. கை கடுக்குதா? அவ பத்து மாசம் சொமந்தா" என்றார். அவன் வேர்த்து விறுவிறுத்து, அசையாமல் அப்படியே நின்றான். வார்டே சிரித்தது. பிரசவித்துக் கிடந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

நர்சம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன முறியில் தங்கியிருந்தார். அவருடைய அம்மை அண்ணன் வீட்டில் இருந்தார். ஒரு பக்கம் தளர்ந்து விழுந்த நாளிலிருந்து, வீட்டை ஒட்டிய சாய்ப்பில், விறகுக்கும் தேங்காய் மட்டைக்கும் நடுவே, வெறும் தரையில் பாய் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சம்மாவோடு நானும் போயிருந்தேன். அவர் அம்மையைப் புரட்டிப்போட்டு முதுகுப் புண்ணைக் கழுவினார். அண்ணி நடையில் நின்றுகொண்டு, "அவ்வளவு பாசமுண்டுன்னா கொண்டுபோவட்டும்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். கொண்டுபோகத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் ஊழியர் முறியில் சீக்காளியை வைக்கக் கூடாது என்று டாக்டரின் மனைவி சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு இடமில்லை என்ற சட்டத்தை நான் அங்கேதான் கேள்விப்பட்டேன். தனியாக ஒரு வீடு பிடிக்க வேண்டும், பகலில் அம்மையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். வாங்கிய சம்பளத்தில் இரண்டுக்கும் வழியில்லை. வரப்போகிற ஆவணிக் கூடுதலைத்தான் அவர் நம்பியிருந்தார்.

இந்தத் தடவை வாய்விட்டுக் கேட்பது என்று முடிவு செய்தார். மருந்து அறையில் என்னை டாக்டராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். "அம்மைக்க காரியத்தைச் சொல்லுங்க, மனசு இளகும்" என்றேன். "சொல்லமாட்டேன். கஷ்டத்தைச் சொல்லி வாங்கினா அது தர்மமாக்கும், கம்பவுண்டரே. நான் பாத்த வேலையைச் சொல்லிக் கேக்குதேன்" என்றார். பார்த்த பிரசவங்களையும், டாக்டர் திருவனந்தபுரம் போன நாட்களில் தனியாக வார்டைப் பார்த்துக்கொண்டதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நான் குரலைக் கனமாக்கி மறுத்தேன். "நீரு அவரைவிட நல்லா மறுக்குதீரு" என்று சிரித்தார்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷத்து ஆவணி அது. டாக்டர் அறைக்கும் மருந்து அறைக்கும் நடுவே ஒரு அரைக்கதவுதான். நர்சம்மா சொல்லி முடிக்கும்வரை டாக்டர் குறுக்கே பேசவில்லை. பிறகு, "எல்லாம் செரி ரெத்தினம். உனக்கு ஆரு இருக்கா? புருஷனா, பிள்ளையா? முறி உண்டு, கஞ்சி உண்டு. ஒத்தையாளுக்கு இந்த ஒரு ரூவா மதியில்லியா?" என்று கேட்டார். அரைக்கதவுக்கு மேலே நர்சம்மாவின் முகம் எனக்குத் தெரிந்தது. எலுமிச்சம்பழத்தை மேசைமேல் திரும்ப வைத்தார். "மதி, டாக்டரே" என்றார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும், "மதி" என்றார்.

நம் தாலுகாக்கள் தமிழோடு சேர்த்தியா மலையாளத்தோடு சேர்த்தியா என்று இப்போது அடிதடி நடக்கிறது. ‘மதி’ எந்தப் பக்கத்துச் சொல் என்று எனக்குத் தெரியாது. மற்ற ஊரில் ‘போதும்’ என்கிற இடத்தில் நாம் ‘மதி’ என்போம். வயிறு நிறைந்து, இலையைக் கையால் மறைத்துச் சொல்கிற மதி ஒன்று. குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவனைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சத்தம் போட்டுச் சொல்கிற மதி இன்னொன்று. நர்சம்மா சொன்னது இரண்டாவது. டாக்டர் காதில் விழுந்தது முதலாவது. பிறந்ததிலிருந்து இந்தப் பேச்சையே பேசி வளர்ந்த மனிதர், தமக்குச் சௌகரியமானதை எடுத்துக்கொண்டார்.

அடுத்து உள்ளே போனவன் நான். "ரெத்தினமே மதின்னு சொல்லியாச்சு. ஒமக்கு என்னவோய்?" என்றார் டாக்டர். எனக்குப் பின்னால் போன எல்லோருக்கும் அதே கேள்விதான். அன்று கிணற்றடியில் யாரும் டாக்டரைத் திட்டவில்லை. "ஒத்தக்கட்டைக்கு மதி. நமக்கு பிள்ளகுட்டி உண்டுல்லா?" என்று வார்டு ஆயா நர்சம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. மாதக் கடைசியில் தகரப் பெட்டியோடு டாக்டர் முன்னால் போய் நின்று, வேலையை விட்டுப் போகிறேன் என்றார். டாக்டர் மெய்யாகவே திகைத்துப்போனார். "நீதானே மதின்னு சொன்னே?" "அதத்தான் டாக்டரே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு நர்சம்மா பஸ்ஸுக்கு நடந்தார். கல்லறைத் தோட்டத்தில் டாக்டர் சொல்லாமல் விட்ட பகுதி இது.

மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்தது. சம்பளம் பரவாயில்லை, குடியிருக்க குவார்ட்டர்ஸும் உண்டு. ஆனால் அதில் இருந்தவர்கள் காலி செய்யத் தை மாதம் ஆகும் என்றார்கள். தை பிறந்ததும் அம்மையைக் கொண்டுபோக வண்டி பேசித் தரும்படி எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அம்மை கார்த்திகை மழையில், அந்தச் சாய்ப்பிலேயே இறந்துபோனார். மலைப்பாதை உடைந்து பஸ் நின்றுபோயிருந்தது. செய்தி கிடைத்து நர்சம்மா நடந்தும் வண்டியேறியும் வந்து சேர்ந்தபோது குழியை மூடிவிட்டார்கள்.

அடுத்த ஆவணியில் அவர் கருங்கலுக்கு என்னைப் பார்க்க வந்தார். நான் அப்போதுதான் சொந்தமாகக் கடை போட்டிருந்தேன். "தொரை கேக்காமலே கூட்டித் தந்தாரு, கம்பவுண்டரே. நல்ல கூடுதல்" என்றார். "சந்தோஷம்" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் அப்படி ஊறிப்போயிருந்தது. "போன வருஷம் இதில பாதி கிட்டியிருந்தா அம்மை எங்கூட இருந்திருப்பா" என்றார். எனக்குத் தாங்கவில்லை. குழித்துறை டாக்டரை வாய்க்கு வந்தபடி பேசினேன். நர்சம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "திட்டாதேயும். திட்டித் தீத்துப்போட்டா, நாளைக்கு அவரை வழியில கண்டா சிரிச்சிருவோம். தீராம கிடக்கட்டும்" என்றார்.

நர்சம்மாவின் அடக்கம் முடிந்த மறுவாரம், அவருடைய சாமான்களை எடுத்துவர அண்ணன் மலைக்குப் போனார். எஸ்டேட் ஆபீசில் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். குவார்ட்டர்ஸில் பெரிதாக ஒன்றுமில்லை. சுவரோரமாக ஒரு பலாமரக் கட்டில், மெத்தை விரித்து, வெள்ளைத் துணி போர்த்தியபடி கிடந்தது. பக்கத்தில் தரையில் ஒரு பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். "கட்டிலு அம்மைக்குன்னு, வேலைக்கு வந்த உடனே செய்யச் சொன்னதாக்கும். நர்சம்மா அதில ஒரு நாளும் கிடந்ததில்ல. காய்ச்சலிலயும் தரையிலதான் கிடந்தாவ" என்றாள் எஸ்டேட் ஆயா. அண்ணன் கட்டிலின் காலைத் தட்டிப் பார்த்தார். "நல்ல பிலா" என்றார். ஆள் பிடித்து அதை பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டினார். இப்போது அது அவர் வீட்டு முன் முறியில் கிடக்கிறது. மருமகன் வந்தால் படுப்பதற்காம்.

நான் அங்கிருந்து எதையும் எடுத்துவரவில்லை. நர்சம்மாவின் கோபம் ஒன்றுதான் எனக்கென்று மிஞ்சியது. நேற்றுச் சந்தை நெரிசலில் டாக்டரின் கார் என் கடைக்கு முன்னால் நின்றது. கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார். நான் சிரிக்கவில்லை.